பக்கத்து வீட்டார் போன பிறகும் ஓடும் ஃபோன், இணைய லைன்: முறையாகப் பயன்படுத்துவது எப்படி

பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. ஆனால் அவர்களுடைய வைஃபை பெயர் உங்கள் செல்போனில் இன்னும் தெரிகிறது. ரூட்டரில் விளக்கு எரிகிறது, தொலைபேசியை எடுத்தால் டயல் டோன் கேட்கிறது. உங்கள் புது இணைப்பு வரத் தாமதமாகும் நாட்களில் அந்த லைனைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று தோன்றுவது இயல்புதான். பயன்படுத்தலாம். ஆனால் லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தத் தேதியோடு நிறுத்தப்போகிறீர்கள் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். பாஸ்வேர்டு தெரியும் என்பதோ, வீட்டுச் சாவி நம்மிடம் இருக்கிறது என்பதோ சம்மதம் ஆகாது. அந்த லைன் வழியாக நடக்கும் ஒவ்வொன்றும், பில் முதல் ஐபி முகவரி (இணையத்தில் லைனை அடையாளம் காட்டும் எண்) பதிவு வரை, சந்தாதாரர் தலையில்தான் விழும். கேட்காமல் பயன்படுத்துவதைப் பல நாடுகளின் சட்டம் குற்றமாகவே பார்க்கிறது.

லைன் ஏன் இன்னும் ஓடுகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். லைன் எத்தனை நாள் தாங்கும் என்பது இதைப் பொறுத்ததுதான்.

பெரும்பாலும் ஆட்டோ பே நிறுத்தப்படாமல் இருக்கும். வீடு மாறும் அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருப்பார்கள், மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும். இப்படி என்றால் நீங்கள் சொல்வதே அவர்களுக்குப் பெரிய உதவி. இன்னொன்று, ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டிய திட்டத்தில் மிச்ச நாட்கள் இருக்கலாம். அப்போது கடைசி நாள் எது என்பது சந்தாதாரரின் செயலியில் தெளிவாகத் தெரியும். மூன்றாவது, பணம் கட்டாமலே ஓடுவது. பாக்கி ஏறினால் உடனே வெட்டாமல், முதலில் வெளியே போகும் அழைப்பு, பிறகு உள்ளே வரும் அழைப்பு, கடைசியில் இணையம் என்று படிப்படியாக நிறுத்தும் நிறுவனங்கள் உண்டு. இந்த நிலையில் உள்ள லைனை நம்பி எந்த வேலையும் ஏற்காதீர்கள்.

வேண்டுமென்றே விட்டுவைத்திருப்பதும் உண்டு. கண்காணிப்புக் கேமரா, திருட்டு எச்சரிக்கை மணி, வங்கியில் கொடுத்த எண் என்று ஏதாவது அதோடு கட்டுண்டிருக்கும். அப்படிப்பட்ட லைனில் நீங்கள் மாற்றும் ஒரு சின்ன அமைப்புகூட அவர்கள் வீட்டுக் காவலை அணைத்துவிடலாம்.

எப்படிக் கேட்பது

வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு, அதையே ஒரு செய்தியாகவும் அனுப்பிப் பதில் வாங்கிவையுங்கள். இவ்வளவு போதும்:

"வணக்கம் அண்ணா. உங்கள் வீட்டு இணைய லைன் இன்னும் ஓடுகிறது. ஆட்டோ பே நிறுத்தவில்லை என்றால் பணம் போய்க்கொண்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் புது இணைப்பு வரும் வரை, அடுத்த மாதம் 15ஆம் தேதி வரை, அதை நாங்கள் பயன்படுத்தலாமா? அந்த நாட்களுக்கான தொகையை நாங்கள் தந்துவிடுகிறோம். ரூட்டரில் எதையும் உங்களைக் கேட்காமல் மாற்ற மாட்டோம்."

அவர் சரி என்ற பிறகு கேட்க வேண்டியவை சில உண்டு. மாதத்துக்கு டேட்டா வரம்பு இருக்கிறதா, தாண்டினால் வேகம் குறையுமா, கூடுதல் பணம் வருமா? மோடமும் ரூட்டரும் அவருடைய சொந்தமா, நிறுவனத்தின் பொருளா? லைன் பழுதானால் யார் புகார் சொல்வது? பெரும்பாலும் புகாருக்கான சரிபார்ப்பு எண் சந்தாதாரரின் செல்போனுக்கே போகும், அதனால் அவர் எடுத்துப் பேசும் நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பதிவான முகவரிக்கு வெளியே லைனைப் பகிரக் கூடாது என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அப்படி இருந்தால் தற்காலிகப் பயன்பாட்டை விட்டுவிட்டு, கடைசிப் பகுதியில் உள்ள பெயர் மாற்றத்துக்கு நேராகப் போய்விடுவதுதான் நல்லது.

வீட்டு உரிமையாளரை மறந்துவிட வேண்டாம். லைன் வாடகைக்கு இருந்தவருடையது, சுவரும் மின்சாரமும் உரிமையாளருடையது. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து சுமார் 15 வாட் எடுக்கும் என்று வைத்தால், நாள் முழுக்க ஓடும்போது மாதத்துக்கு 11 யூனிட் அளவில் வரும். சின்னத் தொகைதான், ஆனால் அது யார் மீட்டரில் ஏறுகிறது என்பதைப் பேசி வைக்க வேண்டும். காலி வீட்டின் மெயின் சுவிட்சை உரிமையாளர் அணைத்தால் உங்கள் இணையமும் அதோடு போய்விடும்.

சந்தாதாரர் இறந்துபோயிருந்தால்

சம்மதம் தர அவர் இல்லை. அவருடைய வாரிசுகளிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் அவர்கள் துக்கம் சற்று ஆறிய பிறகு. இங்கே இணையத்தைவிட அந்தத் தொலைபேசி எண்தான் முக்கியம். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், மின்னஞ்சல் மீட்பு என்று எத்தனையோ இடங்களில் அது கொடுக்கப்பட்டிருக்கும். குடும்பத்தார் அவசரப்பட்டு லைனைச் சரண்டர் செய்தால் அந்த எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போய்ச் சேரும். சரிபார்ப்பு அழைப்புகளும் அவருக்குப் போகும். எல்லாக் கணக்குகளிலும் எண்ணை மாற்றிய பிறகு லைனை மூடலாம் என்று சொல்லிக்கொடுங்கள்.

வங்கிக்கு இறப்புச் செய்தி போனதும் கணக்கு முடக்கப்படும், ஆட்டோ பே தோல்வியடையும், லைன் அடுத்த பில் சுற்றிலேயே நிற்கக்கூடும். குடும்பத்துக்கு லைன் தேவை என்றால் அதற்கு முன்பே பணம் கட்டும் வழியை மாற்றிவிட வேண்டும். வாரிசு பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழ், உறவை நிரூபிக்கும் ஆவணம், வாரிசின் அடையாள அட்டை, கடைசி பில் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். இறந்தவரின் செயலிக்குள் அவர் பாஸ்வேர்டோடு நுழைந்து காரியத்தை முடிக்க வேண்டாம். பின்னால் சொத்துக் கணக்குப் பார்க்கும்போது யார், எப்போது, எதை மாற்றியது என்ற கேள்வி வரும்.

எந்த வகை லைன் என்று பாருங்கள்

சுவரிலிருந்து பெட்டிக்குள் வரும் கம்பியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெல்லிய கேபிளின் நுனியில் பச்சை நிறச் சதுரப் பிளக் இருந்தால் ஃபைபர். இரண்டே செம்புக் கம்பி சின்னப் பிளாஸ்டிக் பிளக்கில் வந்தால் பழைய தொலைபேசி லைன், அதன் மேல் டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பியிலேயே வரும் இணையம்) ஓடலாம். திருகி மாட்டும் தடித்த வட்டக் கேபிள் என்றால் கேபிள் டிவி வழி இணையம்.

ஃபைபரில் வரும் ஒளியை இணைய சிக்னலாக மாற்றும் ஓஎன்டி என்ற பெட்டியின் விளக்குகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும். பவர் எரிய வேண்டும். நிறுவனத்தோடு உள்ள இணைப்பைக் காட்டும் பான் (PON) விளக்கு சிமிட்டாமல் நிலையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் (LOS) விளக்கு அணைந்திருக்க வேண்டும். எல்ஓஎஸ் சிவப்பில் சிமிட்டினால் ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை, கேபிள் எங்கோ ஒடிந்திருக்கிறது அல்லது பிளக் கழன்றிருக்கிறது. எல்ஓஎஸ் அணைந்து, பான் மட்டும் தொடர்ந்து சிமிட்டினால் ஒளி வருகிறது, ஆனால் நிறுவனத்தின் கருவி இந்தப் பெட்டியை ஏற்கவில்லை. பல நேரம் கணக்கை மூடிவிட்டார்கள் என்று பொருள். ரூட்டர் பக்கத்தில் ஒளியின் அளவு காட்டினால் பாருங்கள். ஜிபான் என்ற ஃபைபர் முறையில் பரவலாகப் பயன்படும் பி பிளஸ் வகைக் கருவிக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, மைனஸ் எண் கூடக் கூட வலிமை குறைவு) வரை எல்லை. மைனஸ் 25க்குக் கீழே போய்விட்டால் மழையிலும் வெயிலிலும் லைன் தடுமாறக்கூடும்.

ஃபைபர் பிளக்கைக் கழற்றித் துணியில் துடைக்கவோ, நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவோ கூடாது. உள்ளே ஓடும் 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே இமை மூடாது. பச்சைப் பிளக்கின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலப் பிளக்கின் முகம் நேரானது. இரண்டையும் மாற்றி மாட்டினால் நடுவில் இடைவெளி விழுந்து ஒளி வீணாகும், முகமும் கீறும். கேபிளை மூலையில் இறுக்கி மடிக்காதீர்கள். சாதாரண ஒற்றைமுறை ஃபைபருக்கு 30 மில்லிமீட்டர் ஆரம் வேண்டும். வளைவைத் தாங்கும் வீட்டுக் கேபிள் என்றால் வகையைப் பொறுத்து 7.5 அல்லது 10 மில்லிமீட்டர் வரை போகலாம்.

ஓஎன்டியைக் கழற்றிக்கொண்டுபோய் நம் வீட்டு ஃபைபரில் மாட்டினால் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வேலை செய்யாது. நிறுவனத்தின் கருவி ஒவ்வொரு பெட்டியையும் அதன் வரிசை எண்ணை வைத்து, குறிப்பிட்ட ஒரு போர்ட்டில்தான் எதிர்பார்க்கிறது. வேறிடத்தில் முளைத்தால் ஏற்காது. பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

செம்பு லைனுக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். நேர்மின் வோல்ட் (டிசி வோல்ட்) அளவில் வைத்து, சாக்கெட்டின் நடு இரண்டு முனைகளைத் தொடுங்கள். ரிசீவர் வைத்திருக்கும்போது சுமார் 48 வோல்ட் காட்ட வேண்டும். எடுத்ததும் 6 முதல் 12 வோல்ட் அளவுக்கு இறங்கும். எதுவுமே காட்டாவிட்டால் கம்பி துண்டாகியிருக்கலாம், அல்லது எக்ஸ்சேஞ்சிலேயே கழற்றியிருக்கலாம். 48 வோல்ட் இருந்தும் டயல் டோன் இல்லை என்றால் கம்பி நலம், சேவை நிறுத்தப்பட்டிருக்கிறது. டயல் டோன் இருப்பதாலேயே லைன் நடப்பில் உள்ளது என்றும் சொல்லிவிட முடியாது. சேவை நின்ற லைனிலும் அவசர அழைப்புக்காக மட்டும் டோன் விட்டுவைக்கும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது. வெறும் கையால் கம்பியைப் பிடிக்காதீர்கள். மணி அடிக்கும் நொடியில் அதில் 90 வோல்ட் அளவுக்கு மாறுமின்னோட்டம் வரும், நன்றாக உதறும்.

கேபிள் இணையத்தில் மோடத்தின் எண் கணக்கோடு பதிவானது. வேறு மோடம் மாட்டினால் ஏறாது. வழியில் ஸ்பிளிட்டர் போட்டு இன்னொரு கிளை இழுத்தால் ஒவ்வொரு கிளையிலும் 3.5 டெசிபல் அளவு குறையும்.

ரூட்டரில் கை வைக்கும் முன்

ரீசெட் பட்டனை அழுத்தாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். ஊசி நுழையும் அந்தத் துளையைப் பத்து நொடி அழுத்தினால் வைஃபை பாஸ்வேர்டு மட்டும் போகாது. நிறுவனம் போட்டுவைத்த பிபிபிஓஇ (நிறுவனத்தின் வலைக்குள் நுழையும் முறை) பயனர்பெயர், பாஸ்வேர்டு, அந்த வலையில் லைனுக்கு ஒதுக்கிய விலேன் எண், தொலைபேசிக்கான அமைப்பு எல்லாம் அழிந்துபோகும். பல நிறுவனங்களில் அதைத் திரும்பப் போடத் தொழில்நுட்பர் வர வேண்டும், அவர் வரச் சந்தாதாரர் புகார் சொல்ல வேண்டும்.

சந்தாதாரர் தரும் நிர்வாகப் பாஸ்வேர்டோடு உள்ளே போய், முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவையுங்கள். காப்பு எடுக்கும் வசதி இருந்தால் அமைப்புக் கோப்பையும் சேமியுங்கள். அதை அவருக்கும் அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் அதில் இருப்பது அவருடைய கணக்கு.

அடுத்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல். ஆளில்லாத வீட்டிலும் கேமரா, பிரிண்டர், கோப்புச் சேமிப்புப் பெட்டி என்று சில தெரியும். பட்டியலை அவரிடம் காட்டி, எவை அவருடையவை என்று கேளுங்கள். அவற்றைத் திறந்து பார்ப்பது நம் வேலை அல்ல. அவை ஓட வேண்டும் என்றால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் தொடாமல் விட்டுவிடுங்கள். உங்களுக்கு விருந்தினர் வலையமைப்பை (கெஸ்ட் நெட்வொர்க்) இயக்கிக்கொள்ளுங்கள். அதில் இருப்பவர்களால் உள்வலையின் கருவிகளைப் பார்க்க முடியாது. அவர் தனிமைக்கும் அது காப்பு, உங்களுக்கும் காப்பு.

விருந்தினர் வசதி இல்லாத பழைய ரூட்டர் என்றால், உங்கள் ரூட்டரை அதன் பின்னால் மாட்டுங்கள். அவருடைய ரூட்டரின் லேன் துளையிலிருந்து (வீட்டுக் கருவிகளுக்கானது) ஒரு கேபிள், உங்கள் ரூட்டரின் வேன் துளைக்கு (இணையம் உள்ளே வருவது). உங்கள் வேன் அமைப்பு தானியங்கி ஐபி. இங்கே தவறாமல் வரும் தொல்லை ஒன்று உண்டு: இரண்டு ரூட்டருமே 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கும், எதைத் திறந்தாலும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கும். உங்களுடையதை 192.168.50.1 என்று மாற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். வலை பார்ப்பது, வீடியோ அழைப்பு, படம் பார்ப்பது எல்லாம் சரியாக ஓடும். வெளியிலிருந்து உங்கள் கருவிக்கு நேராக வர வேண்டிய சில விளையாட்டுகளும், வீட்டிலிருந்து நடத்தும் சர்வரும் மட்டும் தடுமாறும், ஏனென்றால் முகவரி இரண்டு இடத்தில் மாற்றப்படுகிறது. இந்த முறையில் அவர்கள் கருவிகள் உங்கள் வலைக்குள் வர முடியாது. ஆனால் உங்கள் பக்கத்திலிருந்து அவர்கள் வலை எட்டும் என்பதால் அங்கே கட்டுப்பாடு உங்கள் நேர்மைதான்.

பாதுகாப்புக்கு இன்னும் சில. அவரிடம் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டன் அல்லது பின் எண் வழியாக இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் முறையில் உள்ள ஓட்டை 2011லேயே வெளிவந்துவிட்டது, பழைய ரூட்டர்கள் பல இன்னும் அதோடுதான் ஓடுகின்றன. டிஎன்எஸ் (தளங்களின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது) முகவரி நிறுவனம் தருவதா அல்லது யாரோ கைப்பட மாற்றியதா என்று பாருங்கள். அறியாத முகவரி இருந்தால் உங்கள் சொந்த ரூட்டரில் நம்பகமான டிஎன்எஸ் போட்டுக்கொள்ளலாம். அவருடைய செயலியில் உங்கள் கருவிகளின் பெயர்கள் தெரியலாம் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீடு வரை கொண்டுவருவது

செல்போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் அளவைப் பாருங்கள். மைனஸ் 67 டிபிஎம்முக்கு மேல் இருந்தால் வீடியோ அழைப்புக்கும் போதும். மைனஸ் 70ஐத் தாண்டிச் சரிந்தால் தடுமாறும். மைனஸ் 80 என்றால் இணைந்ததாகக் காட்டும், ஒன்றும் நடக்காது. சுவர் தாண்டி வர 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் உதவும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் செங்கல் சுவர் இரண்டு வந்தால் சோர்ந்துவிடும். 2.4இல் 1, 6, 11 ஆகிய சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். இடைப்பட்ட எண் எதைப் போட்டாலும் இரண்டு பக்கத்துச் சத்தமும் சேர்ந்து வரும். ரூட்டரைத் தரையிலிருந்து எடுத்து, உங்கள் வீட்டுப் பக்கச் சன்னல் ஓரம் உயரத்தில் வைத்தாலே பாதிக் கஷ்டம் தீரும்.

ரிப்பீட்டர் போடுவதானால் நல்ல அளவு வரும் இடத்தில் வையுங்கள். வராத இடத்தில் வைத்தால் வராததைத்தான் அது திரும்ப ஒலிபரப்பும். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர் கேட்பதும் சொல்வதும் ஒரே சேனலில் என்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும்.

ஒரே கட்டடத்தின் அடுத்தடுத்த வீடு என்றால் கேட் 6 ஈதர்நெட் கேபிள்தான் சிறந்தது. 100 மீட்டர் வரை போகலாம். முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள் நீளத்தில் இளைத்துவிடும், வளைத்தால் உள்ளே முறியும்.

தனித்தனிக் கட்டடம் என்றால் செம்பு ஈதர்நெட்டை வெளியில் இழுக்கவே வேண்டாம். இரண்டு கட்டடங்களின் எர்த் ஒரே அளவில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் கேபிள் வழியாக ஓடப் பார்க்கும். அருகில் எங்கோ இடி விழுந்தாலும் திறந்தவெளியில் கிடக்கும் கம்பியில் மின்வீச்சு தூண்டப்பட்டு, இரு பக்கத்து ரூட்டரின் துளைகளும் கருகும். அவருடைய பெட்டி நிறுவனத்தின் சொத்து என்றால் நட்டஈடும் வரும். இதற்குத் தீர்வு, நடுவில் ஃபைபர். ஈதர்நெட்டை ஒளியாகவும் ஒளியை ஈதர்நெட்டாகவும் மாற்றும் இரண்டு மீடியா கன்வர்ட்டர், முனை போட்டே விற்கும் வெளிப்புற ஃபைபர் கேபிள் ஒன்று போதும். ஒற்றை இழை வகை என்றால் இரண்டு கன்வர்ட்டரும் ஜோடியாக இருக்க வேண்டும்: ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550இல் வாங்குவது, மற்றது அதற்கு நேர் எதிர். இரண்டும் ஒரே வகையாக வாங்கிவிட்டால் இணைப்பு விளக்கு எரியவே எரியாது. உள்ளே உலோகக் கம்பி இல்லாத கேபிளாகவும் பாருங்கள், இல்லாவிட்டால் ஃபைபர் போட்டதன் பலனே போய்விடும். சில வாரங்களுக்கு இவ்வளவு செலவு வேண்டாம் என்றால், சன்னலுக்குச் சன்னல் நேராகத் தெரியும்படி இரண்டு இடங்களைக் காற்றுவழி இணைக்கும் கம்பியில்லா பிரிட்ஜ் கருவிகள் இரண்டு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டு மின்கம்பி வழியாக இணையத்தை அனுப்பும் அடாப்டர்கள் இந்த வேலைக்கு ஒத்துவராது. இரண்டு வீட்டுக்கும் தனி மீட்டர், சிக்னல் அங்கேயே தேய்ந்துவிடும்.

தொலைபேசியை என்ன செய்வது

பக்கத்து வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. கார்ட்லெஸ் ஃபோனின் அடிப்பகுதியை அங்கே லைனில் மாட்டிவைத்து, கையில் பிடித்துப் பேசும் பகுதியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்ட் என்ற கார்ட்லெஸ் வகை, கட்டடத்துக்குள் சுமார் 50 மீட்டர் எட்டும், சுவரைப் பொறுத்துக் குறையும். கம்பிதான் இழுத்தாக வேண்டும் என்றால் முறுக்கிய ஜோடிக் கம்பி போடுங்கள். தட்டையான தொலைபேசிக் கம்பி நீளமானால் ரேடியோபோல இரைச்சலை வாங்கும், அதே லைனில் டிஎஸ்எல் இருந்தால் அதன் வேகமும் விழும். எங்கும் போகாமல் தொங்கும் கிளைக் கம்பிகளையும் கழற்றிவிடுங்கள். சிக்னல் அங்கே போய் மோதித் திரும்பி வந்து குழப்பும்.

அவசர அழைப்பு பற்றி வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிவையுங்கள். இந்த லைனிலிருந்து ஆம்புலன்ஸையோ தீயணைப்பையோ அழைத்தால் அவர்கள் திரையில் வருவது லைன் பதிவான வீட்டின் முகவரி. வண்டி பூட்டிய வீட்டின் முன்னால் போய் நிற்கும். அழைத்ததும் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய முதல் சொல் உங்கள் வீட்டு எண். செல்போன் கையில் இருந்தால் அதிலேயே அழையுங்கள். இன்னொன்று, ஃபைபர் பெட்டியின் வழியாக வரும் தொலைபேசி மின்சாரம் போனால் செத்துவிடும்; எக்ஸ்சேஞ்சிலிருந்து மின்சாரம் வரும் பழைய செம்பு லைனைப்போல இது தாங்காது.

வரும் அழைப்புகளை அவராக இருந்து எடுக்காதீர்கள். "அவர்கள் வீடு மாறிவிட்டார்கள், செய்தி இருந்தால் சொல்லிவிடுகிறேன்" என்று சொல்லி, பெயரையும் நேரத்தையும் குறித்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். புது எண்ணையோ புது முகவரியையோ யார் கேட்டாலும் தர வேண்டாம். கேட்பவர் எண்ணை வாங்கி அவருக்கு அனுப்புவதுதான் முறை. குரல்வழியே சரிபார்ப்பு எண் சொல்லும் தானியங்கி அழைப்பு வந்தால் கேட்காமல் வைத்துவிட்டு, எந்த நேரத்தில் வந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். அவரே கேட்காதபோது அப்படி ஓர் அழைப்பு வந்தது என்றால் யாரோ அவர் கணக்கைத் திறக்கப் பார்க்கிறார்கள்.

வெளிநாட்டு அழைப்பையும் கூடுதல் கட்டண எண்களையும் பூட்டிவிடும்படி சந்தாதாரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் யார் பேசியது என்ற தகராறுக்கே இடமிருக்காது.

அடிக்கடி வரும் கோளாறுகள்

வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை. ரூட்டரின் வேன் பக்கத்தைப் பாருங்கள். பிபிபிஓஇ சரிபார்ப்புத் தோல்வி என்று காட்டினால் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது அல்லது திட்டம் முடிந்திருக்கிறது, பணம் கட்டினால்தான் வரும். பதிலே வரவில்லை என்று காட்டினால் லைன் பழுது. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் சந்தாதாரர் புகார் கொடுக்கும்போது பாதி நேரம் மிச்சம்.

சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் எம்டியு அளவை (ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு, பைட்டில்) பாருங்கள். ஈதர்நெட்டில் 1500, பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492தான் மிஞ்சும். பின்னால் மாட்டிய உங்கள் ரூட்டரிலும் 1492 என்று போட்டுப் பாருங்கள்.

தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்தால், ஏதோ ஒரு ஃபோன் டிஎஸ்எல் ஃபில்டர் இல்லாமல் நேராக மாட்டப்பட்டிருக்கிறது. லைனில் உள்ள ஒவ்வொரு ஃபோனுக்கும் ஃபில்டர் வேண்டும், மோடத்துக்கு மட்டும் கூடாது. மோடம் காட்டும் இரைச்சல் இடைவெளி (எஸ்என்ஆர் மார்ஜின், இரைச்சலைத் தாங்க லைனில் மிஞ்சியிருக்கும் அளவு) 6 டெசிபலுக்குக் கீழே இருந்தால் அறுந்து அறுந்துதான் வரும்.

ஈதர்நெட் கேபிளில் வேகம் சரியாக 95 மெகாபிட் அருகில் நின்றுவிட்டால், பெரும்பாலும் கேபிளின் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று தொடவில்லை. இணைப்பு ஆயிரம் மெகாபிட்டிலிருந்து நூறுக்கு இறங்கியிருக்கிறது, முனையை மீண்டும் அடிக்க வேண்டும். மாதக் கடைசியில் மட்டும் வேகம் தரைதட்டினால் டேட்டா வரம்பு முடிந்துவிட்டது. பெட்டி தானாக அணைந்து எரிந்தால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு பழையதோடு ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம்.

பெயர் மாற்றமா, சரண்டரா

தேவை ஒன்றிரண்டு மாதத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் இழுத்துக்கொண்டே போகாமல் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுவதுதான் நேர்மையானது, வசதியும்கூட. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெயர் மாற்றம் என்றால் பழைய பாக்கி, குறைந்தபட்சக் காலக் கட்டுப்பாடு, எண் எல்லாம் உங்களுக்கு வரலாம். மாற்றத்துக்கு முன்னால் கடைசி பில் வரை அவர் கட்டிய ரசீதைப் பாருங்கள். அவர் கட்டிய வைப்புத்தொகை அவருக்குத் திரும்புமா, உங்கள் பெயருக்கு மாறுமா என்றும் கேட்டுவையுங்கள். லைன் இடமும் மாற வேண்டும் என்றால் பெயர் மாற்றம், இடமாற்றம் என இரண்டு விண்ணப்பம்.

எண் வேண்டாம், இணையம் மட்டும் போதும் என்றால் அவர் சரண்டர் செய்து, நீங்கள் புதிதாக எடுப்பதே சுத்தமான வழி. இதில் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். தெருவில் உள்ள பெட்டியில் போர்ட் எல்லாம் நிரம்பியிருக்கும் பகுதிகளில், அவர் லைனை விட்டால்தான் உங்களுக்கு இடம் கிடைக்கும். விட்ட கையோடு வரிசையில் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடவும் கூடும். அதனால் நீங்கள் முதலில் விண்ணப்பித்து, விண்ணப்ப எண் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவர் சரண்டர் கொடுக்கும்போது இந்த விண்ணப்ப எண்ணையும் நிறுவனத்திடம் சொல்லச் சொல்லுங்கள்.

சரண்டர் நாளில் உங்கள் ரூட்டரையும் கேபிளையும் கழற்றிக்கொண்டு, விருந்தினர் வலையை அணையுங்கள். மூடும் தேதியைச் சந்தாதாரர் உறுதிசெய்து, அவர் சரி என்ற பிறகு மட்டும் ரீசெட் செய்யலாம். அவருடைய பாஸ்வேர்டுகள் பெட்டியோடு வெளியே போகாமல் இருக்க இது தேவை. ஓஎன்டி, அடாப்டர், ரூட்டர், பேட்ச் கேபிள் என்று எதெல்லாம் நிறுவனத்தின் பொருளோ அதையெல்லாம் வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து, ஒப்படைக்கும்போது ரசீது வாங்குங்கள். அடாப்டர் ஒன்று குறைந்தால்கூட வைப்புத்தொகையில் பிடிப்பார்கள். ரசீதையும் சரண்டர் விண்ணப்ப எண்ணையும் சந்தாதாரருக்கு அனுப்பி, ஆட்டோ பேயை வங்கிப் பக்கத்திலும் ரத்து செய்யச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அவர் கணக்கில் பில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லி, ஏறியிருந்தால் அந்த விண்ணப்ப எண்ணைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.